கார் இல்லாமல் கூடுவாஞ்சேரிப் பக்கம் குடிபோகலாமா?

2 ஜூன் 2024 (கேள்வி)

சென்னையில் மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கம் வாடகை கட்டி மாளவில்லை. தெற்குப் புறநகரில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். கார் கிடையாது, இப்போதைக்கு வாங்கவும் முடியாது. "கார் இல்லாமல் குடும்பத்தோடு அங்கே போனால் ஆறே மாதத்தில் திரும்பி ஓடி வருவாய்" என்கிறார் என் அண்ணன். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூன் 2024, இரவு

நாங்கள் போயிருக்கிறோம். இன்றோடு இரண்டு வாரம்.

மேற்கு மாம்பலத்தில் பதினோரு வருடம் இருந்தோம். நான், வீட்டுக்காரர், ஏழாவது போகும் மகள், இரண்டாவது போகும் மகன், 71 வயது மாமியார். வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. முதல் ஷிப்ட் என்றால் காலை நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். வாடகை 23,000 இருந்தது. இந்த வருடம் 27,000 கேட்டார்கள். கூடுவாஞ்சேரியில் அதைவிடக் கொஞ்சம் பெரிய வீடே 12,000-க்குக் கிடைத்தது. அவருக்கு இனிமேல் கம்பெனி பஸ் ஜி.எஸ்.டி. சாலைக்கே (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) வரும். பதினோரு வருடம் அவர் அலைந்தார், இனி கொஞ்ச வருடம் நான் அலைகிறேன் என்று பேசி முடிவு செய்தோம்.

வீட்டில் இருப்பது ஒரு பழைய பைக் மட்டும். எனக்கு ஓட்டத் தெரியாது.

வீடு தேடும்போது ஒரே ஒரு விதிதான் வைத்தோம்: ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். தரகர்கள் "ஸ்டேஷன் பக்கம்தான்" என்று சொல்லிக் கூட்டிப்போன மூன்று வீடுகள் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தன. அவர்கள் பைக்கில் கூட்டிப்போவதால் தூரம் தெரியாது. எந்த வீட்டையும் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்ப் பாருங்கள், பகலில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை.

இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியது நினைவிருக்கும். அடையாறு தொடங்குவதே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில்தான். அதனால் இந்தப் பகுதி முழுக்க ஏரியும் வாய்க்காலும் மனையும் கலந்து கிடக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் கேட்டால் "இங்கே தண்ணியே வராது" என்றுதான் சொல்வார்கள். காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். ஒரு வீட்டில் புது வெள்ளை அடித்திருந்தார்கள், ஆனால் கேட்டின் இரும்பில் முழங்கால் உயரத்துக்குக் கீழே துரு ஒரே கோடாக நின்றது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

4 ஜூன் 2024

ஒரு திருத்தம். நேற்றுத் தனியாகக் கேட்ட ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிட நடை என்று சொல்லியிருந்தேன். அது கையில் ஒன்றும் இல்லாமல், வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், சேலை எல்லாமாக இன்று காலை பார்த்தால் பதினெட்டு. அதன்மேல் ஸ்டேஷன் படி ஏறி இறங்க மூன்று நிமிடம். பன்னிரண்டை நம்பி ஒரு வண்டியை விட்டேன்.

16 ஜூன் 2024

பள்ளி 10-ஆம் தேதி திறந்தது. பிள்ளைகள் பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

இங்கே பள்ளிகளுக்குக் குறைவே இல்லை, ஆனால் நடந்து போகிற தூரத்தில் நமக்குப் பிடித்த பள்ளி இருக்காது. வேன்தான். எங்கள் வேன் முதல் நாள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. சின்னவனை எங்கே இறக்கிவிட்டார்கள் என்று தெரியாமல் மாமியார் தெருமுனையில் நின்று அழுதிருக்கிறார். எனக்கு ரயிலில் போன் வருகிறது, நான் பரங்கிமலையில் நிற்கிறேன். திரும்பிப் போனாலும் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அவர் ஷிப்டில் இருக்கிறார், போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம் மாலையே வேன் ஓட்டுநர், அவருடைய உதவியாள், அதே வேனில் வரும் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் என்று நாலு எண்களையும் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாக்களில் ஒருவர் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். "லேட்டானா என் வீட்ல விட்ரச் சொல்லுங்க" என்றார். கார் வைத்திருப்பவர் ஓடிப்போய்க் கூட்டிவருவார். நமக்கு அந்த இடத்தில் மனிதர்கள் வேண்டும், அதை முதல் வாரத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும்.

ரேஷன் அட்டை, கேஸ் மாற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் அலைச்சல் இல்லாமல் முடிந்தது. ஒப்பந்தப் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7 ஜூலை 2024

இப்போது ரயில். ஒரு மாதம் பார்த்துவிட்டேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. இன்றைக்கும் தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகள்தான் அதிகம். தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர் என்று போகும் வண்டிகள் குறைந்துவிடும். மாம்பலத்தில் நேரம் பார்த்து ஸ்டேஷனுக்குப் போனதே கிடையாது, போனால் ஏதாவது ஒரு வண்டி வரும். இங்கே நேர அட்டவணையைப் பார்த்துத்தான் குளிக்கவே போகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் காலையில் கூடுவாஞ்சேரியில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். கூடுவாஞ்சேரியிலிருந்தே புறப்படும் வண்டிகள் சில உண்டு, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் தாம்பரத்தில் இறங்கி, அங்கே புறப்படும் வண்டியில் மாறி உட்கார்ந்து போகலாம். பத்து நிமிடம் கூடும். மாதவிலக்கு நாட்களில் நான் அப்படித்தான் போகிறேன்.

கூடுவாஞ்சேரியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சீசன் டிக்கெட்டை மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மாதாமாதம் எடுப்பதைவிடக் கொஞ்சம் லாபம். போனிலேயே எடுக்கலாம். இந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை. கார் வைத்திருந்தால் பெட்ரோலுக்கு ஒரு வாரத்தில் ஆகிற காசு எனக்கு மூன்று மாதத்துக்குப் போதும்.

மாலையில் மகளிர் பெட்டியில் நடப்பதை எழுதியே ஆக வேண்டும். எதிர் இருக்கையில் தினமும் ஒரு அக்கா வருகிறார், பல்லாவரத்தில் ஏறுவார். மடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, சாம்பார் வெங்காயத்தை உரித்துக்கொண்டே வருவார். வண்டலூர் வருவதற்குள் கால் கிலோ முடிந்துவிடும். தோலைத் தாளில் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வார், ஒரு துணுக்குகூடக் கீழே விழாது. "வீட்டுக்குப் போனா அடுப்பு பத்த வைக்கிறது மட்டும்தான் வேலை" என்றார். இரண்டாவது வாரம் நானும் பீன்ஸ் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

7 ஜூலை 2024, சற்று நேரம் கழித்து

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. கூடுவாஞ்சேரி–தாம்பரம் சாலையில் இது பெரிய உதவி. என் மகளையும் கூட்டிக்கொண்டு தாம்பரம் போய்த் துணி எடுத்து வந்தோம், போகவர ஒரு பைசா ஆகவில்லை. மேலே எழுத மறந்துவிட்டேன்.

11 ஆகஸ்ட் 2024

தாம்பரம் ரயில்வே யார்டில் வேலை நடக்கிறது. ஆகஸ்ட் 3-லிருந்து பகலில் சில மணி நேரமும், இரவு பத்துக்கு மேலும் வண்டிகளை ரத்து செய்திருக்கிறார்கள். கடற்கரை–பல்லாவரம் ஒரு துண்டு, கூடுவாஞ்சேரி–செங்கல்பட்டு ஒரு துண்டு. நடுவில் பஸ்தான். முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள், எனக்கும் தெரியும். காலையில் போவதும் மாலையில் வருவதும் அந்த நேரத்தில் இல்லை என்பதால் அலட்சியமாக இருந்துவிட்டேன். நேற்றுச் சனிக்கிழமை அரை நாள் என்பது மறந்துபோனது. பல்லாவரத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக ஜி.எஸ்.டி. சாலைக்கு நடந்து, மூன்றாவது பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைத்தது. பெருங்களத்தூர் தாண்டவே ஒரு மணி நேரம். வீட்டு வாசலை மிதிக்கும்போது நாலு மணி.

அண்ணன் சொன்னதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருந்தாரே, நேற்றுப் பஸ்ஸில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன். ஆனால் அதே சாலையில் எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் கார்களும் அதே ஒரு மணி நேரம் நின்றுகொண்டுதான் இருந்தன.

19 ஆகஸ்ட் 2024

14-ஆம் தேதி முடிய வேண்டியது 18 வரை நீண்டது. இன்றைக்கு எல்லா வண்டிகளும் ஓடுகின்றன. வெங்காயம் உரிக்கும் அக்காவைப் பத்து நாள் கழித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம்.

22 செப்டம்பர் 2024

ஆபீசில் வரித் தணிக்கை வேலை உச்சத்தில் இருப்பதால் எழுத நேரமில்லை. ஆனால் வியாழக்கிழமை இரவு நடந்ததை எழுதாமல் விட்டால் இந்த இழையில் நான் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் பாதி உண்மைதான்.

சின்னவனுக்கு இரவு பதினொன்றரைக்குக் காய்ச்சல் 104. உடம்பு நடுங்குகிறது. அவர் இரவு ஷிப்ட், பைக் வாசலில் நிற்கிறது. ஆட்டோ செயலியைத் திறந்தால் வண்டி காட்டுகிறது, ஏற்றுக்கொள்கிறார்கள், நாங்கள் இருக்கும் தெருவைப் பார்த்ததும் ரத்து செய்கிறார்கள். நாலு தடவை. அவனை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடக்க ஆரம்பித்தேன். மகள் டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், பன்னிரண்டு வயதுப் பெண். பாதி வழியில் தையல் வேலை செய்யும் அந்த அம்மாவின் வீட்டில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டினேன். அவர் கணவர் பனியனோடு ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, விடியற்காலை காய்ச்சல் இறங்கியது. வைரஸ் காய்ச்சல்தான், இப்போது நன்றாக இருக்கிறான்.

கார் இல்லையே என்று நான் அழுதது அந்த ஒரு ராத்திரிதான்.

இதை எழுதிக்கொண்டே யோசிக்கிறேன். அன்றைக்குக் கார் இருந்திருந்தாலும் ஓட்டுகிறவர் ஷிப்டில்தான் இருந்திருப்பார். எனக்கு ஓட்டத் தெரியாது. அந்த ராத்திரி எனக்கு வேண்டியிருந்தது கூப்பிட்டால் வரும் ஒரு ஆட்டோக்காரர். மறுநாளே ஸ்டேஷன் ஸ்டாண்டில் போய் நின்று, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஆட்டோக்காரர்கள் யார் என்று விசாரித்தேன். இரண்டு பேர் இருக்கிறார்கள். எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. "எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கம்மா, பகல்ல நாலு சவாரி எங்களுக்கே குடுங்க" என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. அப்படியே செய்கிறேன். 108 இருக்கிறதே என்று கேட்பீர்கள். பதற்றத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. இப்போது அதையும் அந்தத் தாளில் மேலே எழுதியிருக்கிறேன்.

13 அக்டோபர் 2024

ஜூன் 2-ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "ஒரே ஒரு விதி, ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம்." அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வாசலைக் கழுவினோம். செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினேன். மாமியாருடைய செருப்பின்மேல் தூசி ஒரு படலமாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் கோடு விழுந்தது. பக்கத்தில் சின்னவனுடைய செருப்பு வார் அறுந்து தேய்ந்து கிடக்கிறது, என் செருப்பை ஜூலையில்தான் மாற்றினேன், அதுவும் குதிகால் தேய்ந்துவிட்டது. அவருடையது மட்டும் மாம்பலத்திலிருந்து வந்தபடியே இருந்தது.

மாம்பலத்தில் அவர் ஒரு நாள்கூட வீட்டில் அடைந்து கிடந்ததில்லை. காலையில் காசி விஸ்வநாதர் கோயில், வரும் வழியில் ஸ்டேஷன் ரோட்டில் காய், சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் ஏதாவது கதாகாலட்சேபம். முழங்கால் வலி அப்போதும் உண்டு, ஆனால் எல்லாம் பத்து நிமிடத்துக்குள். இங்கே வந்து ஐந்து மாதத்தில் எத்தனை தடவை வெளியே போனார் என்று உட்கார்ந்து எண்ணினேன். ஆறு. ஆறும் எங்களில் யாராவது கூட்டிப்போனது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேட்டதற்கு, "உங்களுக்கெல்லாம் வேலை இருக்கு, நான் எங்கே போகப் போறேன்" என்றார்.

நாங்கள் வீடு பார்த்தபோது என் ரயிலைக் கணக்குப் போட்டோம், வீட்டுக்காரருடைய கம்பெனி பஸ்ஸைக் கணக்குப் போட்டோம், பள்ளியைக் கணக்குப் போட்டோம். அத்தைக்கென்று ஒரு கணக்கு நாங்கள் யாருமே போடவில்லை. பதினெட்டு நிமிடம் என்று நான் பெருமையாகச் சொன்ன நடை அவருக்கு நாற்பது நிமிடம், நடுவில் உட்கார ஒரு திண்ணை கிடையாது, நடைபாதை கிடையாது, இரண்டு இடத்தில் தெருநாய்கள்.

அதனால் வீடு பார்க்கிறவர்களுக்கு: ஸ்டேஷன் தூரம் முக்கியம்தான். கூடவே வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் நினைத்துப் பாருங்கள், யாரையும் கேட்காமல் தானாகப் போய்வர அவருக்கு ஒரு இடமாவது எட்டுகிறதா என்று. கார் வைத்திருக்கும் வீட்டிலும் ஓட்டத் தெரியாதவர்களுக்கு இதே நிலைமைதான் என்று அடுத்த தெருக்காரர் ஒருவரிடம் பேசியபோது தெரிந்தது. இரண்டு கார் நிற்கிற வீடு அது. அவருடைய அம்மா அங்கே வந்து இரண்டு வருடத்தில் தனியாக எங்கேயும் போனதில்லை.

14 அக்டோபர் 2024

"ஷேர் ஆட்டோ இல்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். மெயின் ரோட்டில் ஓடுகிறது, வீட்டிலிருந்து 400 மீட்டர். ஆனால் டாட்டா மேஜிக் வண்டிகளின் படி உயரம். வலது முழங்காலை மடக்கி அந்தப் படியில் வைக்க அத்தையால் முடியவில்லை, நானே கைகொடுத்து முயன்று பார்த்தேன். சாதாரண மூன்று சக்கர ஆட்டோவில் ஏறிவிடுகிறார். அதுவும் அதே சாலையில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

1 டிசம்பர் 2024

பெஞ்சல் புயல் நேற்று இரவு கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவு நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. கேட்டில் துருக்கோடு பார்த்து விட்டுவிட்ட வீட்டை இன்று அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாசற்படி மூழ்கியிருக்கிறது.

எங்கள் ஊர் திண்டிவனம். அம்மா வீட்டுத் தெரு முழுக்கத் தண்ணீர். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்திருக்கிறது என்கிறார்கள். எல்லோரும் மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தோம். இந்த விஷயத்தில் கூடுவாஞ்சேரிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

மாம்பலத்தில் இருந்தபோது பொங்கலுக்குக் கோயம்பேடு போய், அங்கே பஸ் பிடித்து, அதே ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து, கூடுவாஞ்சேரியைத் தாண்டவே மூன்று மணி நேரம் ஆகும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தெற்கே போகும் பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. எங்களுக்கு அது பக்கத்து ஊர். இரண்டு ஆட்டோ, ஐந்து பேர், மூன்று பை, கையில் கரும்பு. அத்தைக்குப் பஸ் நிலையத்தில் சக்கர நாற்காலி கிடைத்தது.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு அது தூரம், எனக்குத் தெரியும். கிளாம்பாக்கத்துக்கென்று ஒரு ரயில் நிலையம் கட்டும் வேலை நடக்கிறது. அது வரும்வரை வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு மாறிப்போக வேண்டியிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவும் வரும் என்கிறார்கள். தரகர்கள் இப்போதே அதைச் சொல்லி வாடகையை ஏற்றுகிறார்கள். இல்லாத ரயிலுக்கு வாடகை கொடுக்காதீர்கள்.

9 பிப்ரவரி 2025

சைக்கிள் வாங்கிவிட்டேன். பழையது, 2,500 ரூபாய், முன்னால் கூடை வைத்தது. திண்டிவனத்தில் பள்ளிக்கு ஓட்டிப்போனதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் கழித்து மறுபடியும். பதினெட்டு நிமிடம் ஏழு நிமிடமாகிவிட்டது. ஸ்டேஷன் ஸ்டாண்டில் பைக்கைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். முதல் நாள் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது நாள் யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் தையல் வீட்டு அம்மா "எங்க வாங்கினீங்க" என்று கேட்டார்.

இரவில் மட்டும் ஓட்டுவதில்லை. ஒரு முந்நூறு மீட்டருக்கு விளக்கு சரியில்லை. ஒன்பது மணி வண்டியில் வந்தால் சைக்கிளை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, மகளிர் பெட்டியில் வரும் நாங்கள் நாலு பேர் ஒரே ஆட்டோவில் போகிறோம். கடைசியாக இறங்குகிறவர் வீட்டுக்குள் போனதும் மற்ற மூவருக்கும் செய்தி அனுப்ப வேண்டும், அது ஏற்பாடு.

27 ஏப்ரல் 2025

19-ஆம் தேதியிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் ஏசி ரயில் ஓடுகிறது. குறைந்த கட்டணம் 35, அதிகம் 105. சாதாரண வண்டியில் 5 ரூபாயிலிருந்து டிக்கெட் இருக்கும்போது தினமும் இதில் போக எனக்குக் கட்டாது, நடைகளும் சிலதான். ஆனால் அத்தையை மாம்பலம் கூட்டிப்போக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், அதற்காக ஒரு தடவை எடுத்தேன். கதவு தானாக மூடுவதால் அவருக்குப் பயமில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் பூக்காரம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

வரும்போது அத்தை பேசவே இல்லை. அன்றைக்கு இரவு நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம்.

11 மே 2025

வீட்டை மாற்றிவிட்டோம். பதறாதீர்கள், கூடுவாஞ்சேரியிலேதான். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தது, ஒரு மாதம் கூடக் கேட்டு வாங்கித் தேடினோம். இந்த முறை அத்தையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அவர்தான் நடந்து பார்த்தார், நாங்கள் பின்னால் போனோம். இரண்டு வீடுகளை அவரே வேண்டாம் என்றார், ஒன்றில் படி உயரம், இன்னொன்றில் தெரு மேடு.

இப்போது இருக்கும் வீடு சின்னது, வாடகை 13,500. ஆனால் வாசலிலிருந்து இருபது அடி நடந்தால் ஆட்டோ போகும் சாலை. எதிரில் ஒரு மளிகைக் கடை, வெளியே கல் பெஞ்சு. தட்டுமுட்டுச் சாமான்களை மீன்பாடி வண்டியில் நாலு நடையில் கொண்டுவந்தோம், பீரோவுக்கும் கட்டிலுக்கும் மட்டும் ஒரு குட்டியானை. எனக்கு ஸ்டேஷன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. சைக்கிளில் பத்து நிமிடம்.

கணக்குக் கேட்டவருக்கு: மாம்பலத்தில் கேட்ட 27,000-க்கும் இந்த 13,500-க்கும் உள்ள வித்தியாசத்தில் வேன், ஆட்டோ, சீசன், ஸ்டாண்ட் எல்லாம் போக மாதம் எட்டாயிரத்துக்குமேல் நிற்கிறது. கார் தவணை கட்டியிருந்தால் அது அப்படியே போயிருக்கும். எனக்குப் போக்குவரத்தில் தினமும் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் போகிறது, அதைக் காசில் எழுத முடியவில்லை. வீட்டுக்காரருக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தில் சின்னவனுக்குக் கணக்குச் சொல்லித்தருவது இப்போது அவர்தான்.

மறைமலை நகர் எப்படி என்று கேட்டவருக்கு ஒரு வருடமாகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும். துணைநகரமாகத் திட்டமிட்டுக் கட்டியது என்பதால் தெருக்கள் அகலம், மரங்கள் உண்டு, வயதானவர்கள் நடக்க இதைவிட நல்ல இடம். நாங்கள் முதலிலேயே அங்கே பார்த்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கூடுவாஞ்சேரியில் புறப்படும் வண்டிகள் உங்களுக்குக் கிடையாது, காலையில் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டில் யார் என்பதைப் பொறுத்துத்தான்.

24 ஜூன் 2025

நேற்று சோமவாரப் பிரதோஷம். ஐந்தரை மணிக்கு ஆபீசில் இருக்கும்போது வீட்டு எண்ணிலிருந்து போன். மனசு பக்கென்றது. எடுத்தால் அத்தை. பின்னால் ஆட்டோ சத்தம்.

"நந்திவரம் போறேன், நந்தீஸ்வரர் கோயிலுக்கு. ஏறிட்டேன். பத்து ரூபாதான் வாங்கினான். எதிர்க் கடைக்காரம்மாவும் வர்றா. சின்னவன் பாட்டி கூட வரேன்னான், ஹோம்வொர்க் முடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ வரும்போது கற்பூரம் வாங்காதே, நானே வாங்கிட்டு வரேன்."